அந்தப் புல்லை யார் வெட்டுவது?

ஆழ்வார்திருநகரி வாசகத் தம்பிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த மனுவின் நகலும் வந்து சேர்ந்தன. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில், தாமிரபரணிக் கரையோரம் எங்காவது, முப்பதாயிரம் பேர் உட்காரும் சர்வதேசக் கிரிக்கெட் அரங்கம் ஒன்றை அரசு கட்டித்தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கீழே கையெழுத்துகள். ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர் என்று ரயில் பாதை நெடுக ஊர்ப்பெயர்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ‘கோயம்புத்தூருக்கு அறிவித்துவிட்டார்கள், மதுரையில் கட்டியே முடித்துவிட்டார்கள், நம்ம சீமைக்கு மட்டும் என்ன குறைச்சல்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தை உங்களுக்குத் தனியாக எழுதாமல் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். இதே மனு வேறு பல ஊர்களிலும் யாராவது ஒரு தம்பியின் கையில் இருக்கும்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று மனுவின் முதல் வரி சொல்கிறது. அது சரியில்லை. தாழையூத்து இருக்கிறது.

மதுரை ரோட்டில் போகிறவர்களுக்குத் தாழையூத்து என்றால் சிமெண்ட் ஆலை. சங்கரலிங்க அய்யரும் டி.எஸ். நாராயணசுவாமியும் 1946-ல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் முதல் ஆலை அது. 1949-ல் ஓடத் தொடங்கியது. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்குச் சங்கர் நகர் என்று பெயர். அந்தச் சங்கர் நகருக்குள்தான் மைதானம். ரஞ்சி ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) தொடங்கியபோது அதற்கு மூன்றே இடங்கள்: சென்னைச் சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கம் நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம், நம்ம தாழையூத்து. கோவைக்கும் சேலத்துக்கும் அந்த வாய்ப்பு பிறகுதான் வந்தது. 2023-ல் இறுதி ஆட்டமே இங்கே நடந்தது. அதற்கு முந்தைய ஆட்டத்தில் திண்டுக்கல்லுக்கு எதிராகப் பத்தொன்பதாவது ஓவரில் நெல்லை அணியின் அஜிதேஷும் ரித்திக் ஈஸ்வரனும் சேர்ந்து 33 ரன் அடித்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜூலை 12-ம் தேதி இறுதி ஆட்டத்தில் கோவை அணி 205 அடிக்க, நெல்லை 101-க்குச் சுருண்டது. சொந்த ஊரில் இப்படித் தோற்றதைப் பற்றி அதற்குமேல் எழுத எனக்கு மனசில்லை.

சொல்லவந்தது வேறு. அந்த மைதானத்தில் புல் பச்சையாக இருந்தது, பிட்ச் உருட்டி இறுக்கப்பட்டிருந்தது, விளக்கு எரிந்தது, கூட்டம் உட்கார இடம் இருந்தது. டி.என்.பி.எல். ஒரு ஊரில் தங்குவது ஆண்டுக்கு ஒரு வாரம், பத்து நாள். மீதி நாட்களில் அந்தப் புல்லுக்கு யாரோ தண்ணீர் விட்டார்கள். யார்? சிமெண்ட் விற்ற காசு. தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டின் கதையில் பாதி இதுதான். கம்பெனிகள் சென்னை லீகில் அணி வைத்திருந்தன, ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தன, மைதானத்தைப் பார்த்துக்கொண்டன. இந்தியா சிமெண்ட்ஸின் என். சீனிவாசன் மாநிலச் சங்கத்துக்கும் இந்திய வாரியத்துக்கும் தலைவராக இருந்தவர். 2008-ல் சென்னை சூப்பர் கிங்ஸை வாங்கியதும் அந்தக் கம்பெனிதான். முதலாளிக்குக் கிரிக்கெட் பைத்தியம் இருந்தால் ஆலையின் கணக்குப் புத்தகத்தில் புல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுங்கும்.

2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ், ஆதித்ய பிர்லா குழுமத்தின் அல்ட்ராடெக் கைக்குப் போனது. 2025 சீசனிலும் தாழையூத்தில் ஆட்டங்கள் நடந்தன. அந்த மட்டில் நிம்மதி. ஆனால் ஒரு மாவட்டத்தின் நல்ல பிட்ச், ஒரு கம்பெனியின் பங்கு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நிற்கிறது என்றால், அதைப் பற்றி உங்கள் மனுவில் ஒரு வார்த்தை இருக்க வேண்டாமா? புதிய அரங்கம் வேண்டும் என்று ஆயிரம் பேர் கேட்கிறோம். இருக்கிற மைதானத்தின் அடுத்த பத்தாண்டுக்கு என்ன ஏற்பாடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

இனி புல்லுக்கு வருகிறேன். சலிப்பாக இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது மீட்டர் பவுண்டரி வைத்த மைதானத்தின் பரப்பு ஏறக்குறைய 15,400 சதுர மீட்டர். நம்ம கணக்கில் நாலு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்று வைத்தாலே 77,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் ஆறு லோடு போதாது. நாலு ஏக்கர் வயலுக்கும் தண்ணீர் பாய்கிறதே என்பீர்கள். வயலுக்குக் கார், பிசானம் என்று பருவம் உண்டு. அறுத்த பிறகு காய விடலாம், அந்தத் தாளடியில் நீங்கள் ஸ்டம்பு நட்டு விளையாடலாம். அரங்கத்துப் புல்லுக்கு அறுவடை கிடையாது. பங்குனி வெயிலிலும் அது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2016-ல் மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி. ஏப்ரல் 30-க்குப் பிறகு ஐ.பி.எல். ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகும்படி மும்பை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. தாமிரபரணித் தண்ணீர் ஆலைகளுக்கா, விவசாயத்துக்கா, குடிக்கவா என்று ஸ்ரீவைகுண்டம் அணையை வைத்து நடக்கும் சண்டை உங்கள் ஊருக்குத் தெரியாததல்ல. நாளைக்கு அந்த வரிசையில் ஒரு கிரிக்கெட் மைதானமும் வந்து நின்றால் கடைமடை விவசாயி என்ன சொல்வார்? கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சலாம். அதற்கும் ஒரு நிலையம், ஒரு ஆபரேட்டர், ஒரு கரண்ட் பில் வேண்டும்.

தண்ணீர் ஒன்றோடு முடிவதில்லை. பிட்ச் என்பது அடுக்கடுக்காகக் களிமண் போட்டு, நனைத்து, காயவிட்டு, வெவ்வேறு எடை ரோலர்களால் இறுக்கியது. ஒரு பிட்சில் ஆட்டம் நடந்தால் அது தேறுவதற்கு ஓய்வு வேண்டும். அதனால் நடுவில் பல பிட்சுகள் வரிசையாக வேண்டும். ஆடினாலும் ஆடாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் வேலை உண்டு. ஆடாத மைதானம் இன்னும் சீக்கிரம் கெடும். கோரை முளைக்கும், புற்று எழும்பும், வடிகால் குழாய் அடைத்துக்கொள்ளும். ராட்சத விளக்குகளுக்கு உயர் அழுத்த மின் இணைப்பு எடுத்தால், ஒரு பல்பும் எரியாத மாதத்திலும் டிமாண்ட் சார்ஜ் கட்டியாக வேண்டும். கல்லூரி மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு போடும் மார்க்கரைப் பார்த்திருப்பீர்கள். பெரிய அரங்கம் என்றால் அப்படிப்பட்டவர்கள் ஒரு பட்டாளமே வேண்டும், தலைமைக்குத் தேர்ந்த கியூரேட்டர் ஒருவரும் வேண்டும். எல்லோருக்கும் மாதச் சம்பளம்.

‘ஸ்டேடியம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்தவற்றைச் சொல்கிறேன்.

2024 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்கானிஸ்தானும் நியூசிலாந்தும் மோதும் டெஸ்ட். டில்லிக்குப் பக்கம், வளர்ச்சி ஆணையத்தின் சொந்த அரங்கம், கட்டடத்தில் குறையில்லை. மழை பெய்தது. வடிகால் சரியில்லை, மூடுவதற்குப் போதிய தார்ப்பாய் இல்லை. பயிற்சி இடத்திலிருந்து புல்லைப் பெயர்த்து வந்து ஈரமான இடத்தில் ஒட்டினார்கள். மின்விசிறி வைத்து மண்ணைக் காயவைத்தார்கள். ஐந்து நாளும் ஒரு பந்துகூட வீசாமல் ஆட்டம் கைவிடப்பட்டது. 2020 ஜனவரியில் கவுகாத்தியில் இலங்கைக்கு எதிரான டி20-யில் தார்ப்பாய் ஒழுகி பிட்ச் நனைந்தது. தலைமுடி காயவைக்கும் டிரையரையும் இஸ்திரிப் பெட்டியையும் கொண்டு அதைக் காயவைக்கப் பார்த்த காட்சியை உலகமே பார்த்தது. அந்த ஆட்டமும் நடக்கவில்லை. அடுத்தது தர்மசாலா. இமயமலை அடிவாரத்துச் சின்ன ஊர், நாட்டிலேயே அழகான அரங்கம் என்று பெயர். 2023 தொடக்கத்தில் ஆஸ்திரேலிய டெஸ்டுக்கு அவுட்ஃபீல்டு தயாராகாததால் ஆட்டம் இந்தூருக்குப் போனது. அதே ஆண்டு உலகக் கோப்பையில் ஃபீல்டிங்கில் சறுக்கியவர்களின் கால் மண்ணில் புதைந்து, அந்தத் தரை பேச்சுப் பொருளானது. பணமும் செல்வாக்கும் உள்ள சங்கத்துக்கே இந்தக் கதி.

இதெல்லாம் வாரம் பத்து நாளில் ஆறிவிடும் அவமானம். ஆறாத புண் ஒன்று கடல் தாண்டிப் பக்கத்திலேயே இருக்கிறது. 2011 உலகக் கோப்பைக்காக இலங்கையின் தெற்கே, அம்பாந்தோட்டை மாவட்டத்தில் சூரியவெவ என்ற ஊரில் 35,000 பேர் உட்காரும் மைதானம் கட்டினார்கள். அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டம். மைதானத்துக்கும் அவர் பெயர்தான். உலகக் கோப்பையில் அங்கே நடந்தது இரண்டு ஆட்டம். அந்தக் கோப்பைக்காக அரங்கங்கள் கட்டவும் திருத்தவும் செய்த செலவில் இலங்கைக் கிரிக்கெட் வாரியம் கடனில் மூழ்கியது. இறுதி ஆட்டம் வரை போன வீரர்களுக்கே பல மாதச் சம்பளம் பாக்கி நின்றது. பக்கத்தில் பெரிய ஊர் கிடையாது, தினமும் வந்து ஆட உள்ளூர் கிளப் கிடையாது. யார் வந்து அந்தப் புல்லை மிதிப்பார்கள்? அரங்கத்தின் அளவை அந்த வட்டாரத்து ஆட்டம் தீர்மானிக்கவில்லை. ஒரு தலைவரின் ஆசை தீர்மானித்தது.

இலங்கைக்குப் போவானேன். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் உங்களுக்குத் தெரியும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்தார்கள்; சுற்றிலும் கேலரி, மேலே பளபளவென்று கூரை. 2023 ஏப்ரலில் அடித்த காற்றிலும் மழையிலும் அந்தக் கூரை சரிந்து விழுந்தது. ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் அடிக்கும் காற்று கூட அல்ல அது, கோடைக் காற்று. காலையில் நடக்கவும் சாயங்காலம் பையன்கள் பந்து போடவும் அந்த மைதானத்துக்குக் கூரை தேவைப்பட்டதா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. சமமான தரை, கழிப்பறை, குடிதண்ணீர், இரவில் வெளிச்சம், காவலுக்கு ஒரு ஆள். இவை இருந்தால் போதும். ஆனால் திறப்புவிழா புகைப்படத்தில் கழிப்பறைக் குழாய் விழாது, கூரை விழும். புகைப்படத்தில் விழும் என்ற பொருளில்தான் எழுதினேன். இரண்டு பொருளும் பொருந்திவிட்டன.

பணம் எங்கிருந்து வருகிறது, எதற்கு வருகிறது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. நம்ம மாநிலத்தில் சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி. இரண்டுமே அடிப்படையில் நிலைத்த சொத்து உருவாக்குவதற்கு. கேலரி கட்டலாம், அதைத் தினமும் பெருக்குகிறவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற மாநில அரசின் திட்டத்தில் ஓர் அரங்கத்துக்கு 3 கோடி என்றார்கள். நல்ல திட்டம். ஆனால் அந்த 3 கோடியும் கட்டுவதற்கு. 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் ஊரக விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. தூத்துக்குடியில் ஆலைக்கும் அனல்மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் எந்தக் கம்பெனியும் தன் பெயர்ப்பலகையை மாட்ட ஒரு புதுச் சுவர் கேட்குமே தவிர, பழைய பம்ப் செட்டின் பில்லைக் கட்டுகிறேன் என்று தானாக வராது.

கிரிக்கெட்டில் பணம் இல்லாமலும் இல்லை. 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடிக்குப் போனது. 2024 ஐ.பி.எல். முடிந்ததும் மைதானப் பணியாளர்களைப் பாராட்டி, வழக்கமான பத்து அரங்கங்களுக்குத் தலா 25 லட்சமும், கூடுதலாக ஆட்டம் நடந்த மூன்று அரங்கங்களுக்குத் தலா 10 லட்சமும் வாரியம் அறிவித்தது. நல்ல காரியம், குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதின்மூன்று மைதானங்களுக்கு வந்து சேரும் ஆட்டக்காரன் முதலில் பந்து போடக் கற்றது எங்கே? சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்ட மண்ணுக்கு யாரும் 10 லட்சம் அறிவிக்கவில்லை. அவரே தன் ஊரில் ஒரு மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லாத ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பழைய கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக் கொடை பற்றி நிறைய வரும். விளக்கு வைத்தேன் என்பதோடு கல்வெட்டு நிற்காது. விளக்குக்கு இத்தனை ஆடு, அதை இன்ன இடையன் வாங்கிக்கொண்டான், நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடவன் என்று எழுதும். சோழர் பக்கத்தில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது வாடிக்கையான கணக்கு. ஆடு சாகும், குட்டி போடும். இடையன் பொறுப்பில் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. பாண்டிய நாட்டிலும் இதே வழக்கம்தான். கொடை என்பது அவர்களுக்கு விளக்கு அல்ல, நெய். நம் அரங்கங்களுக்கு நாம் விளக்கை மட்டும் கொடுக்கிறோம். ஆட்டைப் பொறுத்தவரை, அதை மைதானத்துக்குள் மேய விடுவதில்தான் கெட்டிக்காரர்களாக இருக்கிறோம்.

சின்ன ஊர் மைதானம் நிலைத்து நிற்கும் இடங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் தினமும் அதைப் பயன்படுத்த ஒரு கூட்டமும், அதன் செலவைத் தன் செலவாக எழுதிக்கொள்ள ஒரு கணக்குப் புத்தகமும் இருக்கும். நத்தத்திலும் கோவையிலும் கல்லூரி. ஆண்டு முழுதும் மாணவர்கள் ஆடுவார்கள், டி.என்.பி.எல். வந்தால் மேலே ஒரு மெருகு. சேலம் வாழப்பாடிப் பக்கம் 2020 பிப்ரவரியில் ராகுல் டிராவிட்டும் அன்றைய முதல்வர் பழனிசாமியும் வந்து திறந்த மைதானத்துக்குப் பின்னால் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் இருக்கிறது. 2025 அக்டோபரில் மதுரையில் தோனி திறந்துவைத்த அரங்கம் அரசுடையதல்ல, வேலம்மாள் கல்வி அறக்கட்டளையுடையது. 300 கோடிக்கும் மேல் செலவு என்கிறார்கள். அதைக் காட்டித்தான் ‘மதுரைக்குக் கிடைத்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மதுரைக்கு யாரும் கொடுக்கவில்லை; பள்ளியும் மருத்துவக் கல்லூரியும் நடத்தும் ஒரு நிறுவனம் தனக்குக் கட்டிக்கொண்டது. அது எப்படி ஓடும் என்று பத்து வருஷம் கழித்துப் பேசலாம். கோவையில் ஒண்டிப்புதூர் திறந்தவெளிச் சிறை நிலத்தில் கட்டப்போவதாக அறிவித்தது மட்டும்தான் அரசு அரங்கம். அதன் விவரங்கள் வெளிவரும்போது எத்தனை இருக்கை என்பதை விட்டுவிட்டு, பராமரிப்பு யார் தலையில் என்று தேடிப் படியுங்கள்.

கிரிக்கெட்டுக்கு வெளியே பார்த்தால் உங்களுக்கு இன்னும் பக்கத்தில் உதாரணம் இருக்கிறது. திருச்செந்தூர் ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் காயல்பட்டினம். அங்கே ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தின் மைதானத்தில் அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கால்பந்துப் போட்டி எத்தனையோ ஆண்டுகளாக நடக்கிறது, வெளிமாநில அணிகள்கூட வரும். அரசு அரங்கம் அல்ல, ஊர்ச் சங்கத்தின் மைதானம். ஊருக்கே கால்பந்து பைத்தியம். அந்தப் பைத்தியம்தான் பராமரிப்பு நிதி. வடக்கே போனால் கோவில்பட்டி. அது ஹாக்கி ஊர், செயற்கைப் புல் மைதானமும் வந்திருக்கிறது. அந்தப் புல்லுக்கும் ஆயுசு எட்டு, பத்து வருஷம்தான். பிறகு சுருட்டி எடுத்துவிட்டுப் புதிதாக விரிக்கக் கோடிகள் வேண்டும். அதற்கு இப்போதிருந்தே ஒரு உண்டியல் தேவை. கோவில்பட்டிப் பெரியவர்கள் அதைக் கேட்க ஆரம்பித்தால் நல்லது.

நம்ம பள்ளத்தாக்கில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கானோர் இரவெல்லாம் தவித்தார்கள். ஆற்றங்கரையோரம் என்று மனுவில் ஆசையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடமெல்லாம் அன்றைக்குத் தண்ணீருக்குள். நூறு கோடியில் கட்டி, மூன்றாம் வருஷம் சேறு அள்ள நிதி கேட்டு அடுத்த மனுவா?

அதனால், நான் கையெழுத்துப் போடவேண்டுமானால் மனு இப்படி மாற வேண்டும். முப்பதாயிரம் என்ற எண்ணை அடித்துவிடுங்கள். தாழையூத்து மைதானம் டி.என்.பி.எல். முடிந்த பிறகும் மாவட்ட லீகுக்கும் பள்ளி, கல்லூரி, பெண்கள் ஆட்டங்களுக்கும் ஆண்டுக்கு இத்தனை நாள் என்று எழுத்தில் திறந்திருக்க வேண்டும். அதற்கு ஆலையின் புதிய நிர்வாகமும் மாநிலக் கிரிக்கெட் சங்கமும் ஒப்பந்தம் போட வேண்டும் என்று கேளுங்கள். யார் எவ்வளவு தருகிறார்கள் என்பது அந்த ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மாநிலச் சங்கத்துக்கு வாரியத்திலிருந்து ஆண்டுதோறும் வரும் பணத்தில் மாவட்ட மைதானங்களின் அன்றாடச் செலவுக்கென்று ஒரு பங்கைப் பிரித்து, அதை வெளியே அறிவிக்கச் சொல்லுங்கள். இது யாசகம் இல்லை. நாளைய ஆட்டக்காரனை அவர்களுக்கு வளர்த்துக் கொடுக்கும் கூலி.

அடுத்தது உங்கள் ஊர்ப் பக்கம். ஆழ்வார்திருநகரியிலிருந்து தாழையூத்துக்குப் போய்வர ஒரு பையனுக்கு அரை நாள் ஆகும். சாயங்காலப் பயிற்சிக்கு அது உதவாது. உங்களுக்கு வேண்டியது ரயில் பாதையோரத்து ஊர்களுக்குப் பொதுவாக ஒரு மைதானம்: மேட் விரிக்க ஒரு பிட்ச், பக்கத்தில் இரண்டு வலை, ஒரு போர், ஒரு ரோலர், ஒரு புல் வெட்டும் மெஷின், பெண்பிள்ளைகளும் தைரியமாக வந்துபோக ஒரு கழிப்பறை, மாதச் சம்பளத்தில் ஒரு மார்க்கர். பள்ளி மைதானமாக இருந்தால் சுற்றுச்சுவர் தயாராக இருக்கும். பள்ளி விட்ட பிறகு ஊருக்குத் திறந்துவிட அனுமதி வாங்கினால் போதும். ஸ்ரீவைகுண்டம் தொகுதிக்கான சிறு அரங்கத்தின் பராமரிப்புக்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குகிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான். கையெழுத்து வாங்கும் மனுவுக்குச் சில சமயம் பதிலே வராது. இதற்கு முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

மார்க்கரின் சம்பளத்துக்கு வழி கேட்பீர்கள். உங்கள் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் கையெழுத்தோடு மாதம் ஒரு சிறு தொகையும் கேளுங்கள். வாங்கும் பணத்தைச் சுவர் கட்டச் செலவழிக்காதீர்கள். வங்கியில் வைப்பாகப் போட்டு வட்டியில் சம்பளம் கொடுங்கள். கோயில் திருப்பணிக்குக் கணக்கு எழுதிப் பழகிய பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இருப்பார். அவரைப் பொருளாளர் ஆக்குங்கள். கிரிக்கெட் தெரிந்தவரை ஆக்காதீர்கள். அவர் முதல் வருஷமே விளக்குக் கம்பம் வாங்கிவிடுவார்.

திருத்திய மனுவை அனுப்புங்கள். கையெழுத்துப் போடுகிறேன். பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த பழைய ஆட்டக்காரர்களையும் போடவைக்கிறேன்; அவர்களுக்கு முட்டி போய்விட்டது, பேனா பிடிக்க முடியும்.

அன்புடன்,
உங்கள் அண்ணாச்சி

பி.கு.: பிட்சுக்கு என்ன மண் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். களி அதிகமான மண் வேண்டும். குளத்துக் கரம்பை நன்றாக இறுகும். கட்டி உடைத்து, சலித்து, இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் நனைத்து உருட்டுங்கள். வெளி மைதானத்துக்கு மணல் கலந்த மண் போட்டால் தண்ணீர் நிற்காது. அதற்காகச் செம்மணல் தேரியில் போய் அள்ளிவிடாதீர்கள். கடம்பாகுளத்து வண்டலை வயலுக்கும் மண்பாண்டத்துக்கும் எடுக்கத் தாசில்தார் அனுமதி தருவார். கிரிக்கெட் பிட்சுக்கு என்று கேட்டால் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.